குங்குமம் வைத்த இரும்பு

1958 ஒக்டோபர் 23, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. பட்டறைக் கூரையில் இரண்டு இடத்தில் ஒழுக்கு. வாளி ஒன்றுதான் இருக்கிறது.

வெட்கக்கேட்டை முதலில் எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் எழுத மனம் வராது. செவ்வாய்க்கிழமை ஆயுத பூசைக்கு ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், ஒன்றையும் விடாமல் துடைத்தேன். லேத், சாணைக்கல், சுத்தியல், அரம், எஞ்சின், தேயிலை உருட்டும் ரோலர் மூன்று. துடைத்த வேகத்தில் சாமான் அறை மூலையில் சாத்தியிருந்த இரண்டு இரும்புத் தண்டுகளும் அகப்பட்டன. நுனியில் பழைய பெயின்ட், ஒன்றில் நீலம், ஒன்றில் வெள்ளை. சாமிக்கு முன்னால் அழுக்காக நிற்கக்கூடாதே என்று மண்ணெண்ணெய் ஊற்றி, எமரித் துணியால் தேய்த்து, முகம் பார்க்கிற மாதிரி ஆக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். கும்பிட்டேன்.

இன்று காலைத் தேநீர் பாதி இறங்கும்போதுதான் உறைத்தது. அது அழுக்கு இல்லை. இரும்பின் பெயரே அதுதான். நீலம் என்றால் மோலி இரும்பு. வெள்ளை என்றால் சாதா இரும்பு. மூன்று வருடத்துக்கு முன்பு கொழும்பிலிருந்து வந்து இறங்கியபோது, நீலப் பக்கத்தை வெட்டாதீங்க, மறு பக்கத்தை வெட்டுங்க என்று எல்லோருக்கும் பாடம் நடத்தியவன் நான்.

இப்போது நிலவரம்:
தடிமன் - ஒன்று.
நீளம் - வெட்டி வெட்டி ஏறக்குறைய ஒன்று.
நிறம் - பளபளப்பு, இரண்டும்.
பொட்டு - இரண்டுக்கும்.

யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இடுப்பு வலி.

ஒக்டோபர் 24, வெள்ளி

காலையில் கொஞ்சம் வெயில், இரண்டு மணிக்கு இடி. கொழுந்து மலையாகக் குவிகிறது. இப்படிப்பட்ட நாளாகப் பார்த்துத்தான் இரும்புக்கும் காய்ச்சல் வரும்.

இரண்டாம் நம்பர் ரோலரில் ஒரு தட்டல் சத்தம். நிறுத்திக் கழற்றினேன். ரோலரைச் சுற்ற வைக்கும் கை மூன்று. ஒவ்வொரு கையின் முனையிலும் பெருவிரல் மாதிரி ஓர் இரும்பு, அதைப் பின் என்போம். பாரம் முழுக்க அதன் தலையில். மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்குக்கட்டி இல்லாததால் விபூதியைத் தூவினேன். சிறிது நேரத்தில் விபூதியில் மயிர் மாதிரி ஓர் ஈரக் கோடு. வெடிப்பு. இன்னும் இரண்டு நாள் ஓடியிருந்தால் போயிருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன்பு சாதா இரும்பில் போட்ட பின் ஒரே பருவத்தில் இரண்டு தரம் ஒடிந்தது. இரண்டாம் தரம் ஒடிந்த துண்டு பறந்துவந்து முனியாண்டியின் முழங்காலில் அடித்தது. முனியாண்டி அந்த ரோலர்காரன், என் சோட்டுக்காரன், என்னைவிட ஒரு வயது இளையவன். அன்றிலிருந்து நொண்டுகிறான். "துரை நடை நடக்கிறியேப்பா" என்று நான் கேலி செய்வேன், அவனும் பிரம்பு சுழற்றுகிற மாதிரி கையைச் சுழற்றுவான். அதற்குப் பிறகுதான் மோலி வந்தது. அதில் கடைந்த பின் மூன்று வருடம் பேசாமல் உழைத்தது.

கழற்றியதைப் பார்த்து முனியாண்டி ஒன்றே ஒன்று கேட்டான். "புதுசும் மோலிதானேண்ணே?"

"ஆமாப்பா" என்றேன்.

சொல்லிவிட்டு, வெடித்த பின்னைச் சாக்கில் சுற்றி வைத்தேன்.

தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீமேக்கர் ஐயா (இனி டீ.மே., மை குறைவு) திங்கட்கிழமைக்குள் பின் வேண்டும் என்கிறார். மற்ற இரண்டு ரோலரும் மூச்சு முட்ட ஓடுகின்றன. மாடியில் வாடப் போட்ட கொழுந்து சிவக்கத் தொடங்கிவிட்டது.

வீட்டுக்காரி செல்லம்மாவுக்குக் கால் வீக்கம். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். என்னங்க புதுசா என்றாள்.

ஒக்டோபர் 25, சனி

மூடுபனி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனவர்கள் இரண்டு எட்டில் மறைந்தார்கள்.

மோலி என்றால் என்ன என்று டீ.மே. அந்தக் காலத்திலேயே சொல்லித் தந்தார். முழுப் பெயர் மொலிப்டினம். என் வாய்க்குள் பாதிதான் நுழையும். அதுவும் தனி இரும்பு இல்லை. நூறு பங்கு இரும்பில் கால் பங்குகூடச் சேர்ப்பதில்லையாம், குழம்புக்குப் பெருங்காயம் மாதிரி. அந்தச் சிட்டிகைக்கு வரும் குணம்: வளைத்தாலும் ஒடியாது, சூட்டில் சோராது, அடி மேல் அடி தாங்கும். தேயிலை உலர்த்தும் டிரையர் அடுப்புக் கதவில் நான் போட்ட மோலி ஆணிகள் அப்படியே இருக்கின்றன. பக்கத்துச் சாதா ஆணிகள் வெயிலில் வைத்த மெழுகுதிரி மாதிரி சாய்ந்துவிட்டன. மோலி இல்லாம நான் இல்லை என்று பட்டறையில் ஒரு நாள் சொன்னது கொழுந்துக்காரிகள் காதில் விழுந்து, லயம் வரைக்கும் போய், செல்லம்மா இரண்டு நாள் சோற்றைத் தட்டில் சத்தமாகப் போட்டாள்.

இன்று செய்து பார்த்தவை:
1. தூக்கிப் பார்த்தேன். ஒரே பாரம்.
2. கயிற்றில் கட்டித் தட்டினேன். இரண்டும் கோயில் மணி.
3. காந்தம். இரண்டிலும் ஒட்டியது.
4. அரம். ஒன்று கொஞ்சம் முரண்டு பிடிக்கிற மாதிரி. மறு தரம் தேய்த்தால் மற்றது முரண்டு பிடிக்கிற மாதிரி.
5. குங்குமத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு முனியாண்டி வந்தான். தண்டை லேத்தில் ஏற்ற ஒரு கை கொடுக்க. ஏற்றவில்லை. உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். தன் முழங்காலைத் தடவிக்கொண்டான்.

"அப்ப நான் எங்கண்ணே நிக்கிறது?" என்றான்.

தண்டை மறுபடி மூலையில் சாத்தினேன்.

இரண்டு பேரும் டீ.மே.யிடம் போனோம். யாழ்ப்பாணத்து மனுசர், குரலை உயர்த்தமாட்டார். ஏன் காணும் பெயின்டைச் சுரண்டினீர் என்று கேட்டார். பூசைக்கு ஐயா என்றேன். சுவரில் மாட்டியிருந்த சரஸ்வதி படத்தைப் பார்த்தார். அதற்கு மேல் திட்டவில்லை. கொழும்புக்கு எழுதினால் புது இரும்பு வரப் பத்து நாள் ஆகும், அதுவரை கொழுந்து காத்திருக்காது, எது எது என்று நிச்சயமாகச் சொல்ல வேண்டும், முடியாவிட்டால் தோட்டத்துத் துரையிடம் தானே போய்ச் சொல்ல வேண்டிவரும் என்றார். சொன்னால் எனக்கு வேலையும் போகும், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். இதைச் செல்லம்மாவிடம் சொல்லவில்லை.

ஒக்டோபர் 26, ஞாயிறு

மழை. ஞாயிறு என்று பெயர்தான், பட்டறையில்தான் இருந்தேன்.

குளிக்கும்போது ஒரு யோசனை. வெடித்த பின் மோலி, அதில் சந்தேகமே இல்லை, நீலப் பெயின்ட் இருந்தபோது நானே கடைந்தது. அதைச் சாணைக்கல்லில் பிடித்து, பறக்கிற பொறியைப் பார்த்து வைத்துக்கொண்டால், அதே பொறி எந்தத் தண்டில் பறக்கிறதோ அது மோலி. ஈரத் தலையோடு ஓடினேன்.

பிடித்தேன். மழை இருட்டு இதற்கு நல்லது. பழைய பின்னின் பொறி: மஞ்சளும் சிவப்புமாகக் கோடுகள், ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் சின்ன வேல் மாதிரி ஒரு முனை. கோட்டில் ஒட்டாமல், வெட்டி வைத்த மாதிரி தனியாக. இத்தனை வருடம் சாணை பிடித்தும் இதைக் கவனித்ததில்லை. இரண்டு தண்டிலும் சின்னச் சின்னத் துண்டு வெட்டினேன். ஒன்றில் நீளமான வெள்ளைக் கோடு, வேல் இல்லை. மற்றதில் வேல்.

துள்ளிவிட்டேன். முனியாண்டி துள்ளவில்லை. துண்டுகளைச் சாக்கில் சுற்றி நுனி மட்டும் தெரிகிற மாதிரி கலைத்துக் கலைத்துத் தருவதாகவும், பொறியை மட்டும் பார்த்து நான் பெயர் சொல்ல வேண்டும் என்றும் சொன்னான். பத்துத் தரம். பக்கத்தில் டீ.மே. சாட்சி.

ஐந்து வரைக்கும் சரி. ஆறாவது தப்பு. ஒன்பதாவது தப்பு. மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை, கண்ணில் நீர் கட்டி எல்லாப் பொறியிலும் வேல் தெரிகிறது.

பத்துக்கு எட்டு நல்ல கணக்குத்தான், கடையும் என்றார் டீ.மே.

முனியாண்டி அவர் முன்னால் குரலை எடுத்து நான் பார்த்ததில்லை. இன்றும் எடுக்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டான். "ஐயா, மத்த ரெண்டுக்கும் முன்னால நீங்க வந்து நிப்பீங்களா?"

டீ.மே. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாளைக்கு வருகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு போனார்.

"நீங்க போய்த் தூங்குங்கண்ணே" என்றான் முனியாண்டி. என் மேல் கோபம் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

ஒக்டோபர் 27, திங்கள்

தூங்கினேன். மரக்கட்டை மாதிரி.

கொழுந்து வீணாவதால் இன்று பாதிப் பேருக்குத்தான் மலையில் வேலை என்று பெரட்டில் கங்காணி சொல்லிவிட்டார். செல்லம்மா கூடையோடு திரும்பி வந்தாள். அந்த ரோலரை யாருங்க இப்படிப் போட்டு வைச்சிருக்காங்க என்றாள். யாரோ என்றேன்.

தூங்கி எழுந்த தலையில் தானாக வந்தது. இதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். மோலியைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் போட்டால் இறுகிவிடும். நான் பின் செய்யும்போது செய்கிற வேலைதான் அது. சாதா இரும்பு எண்ணெயில் விழுந்தால் குளித்துவிட்டு வருமே தவிர இறுகாது.

இரண்டு தண்டிலும் வடை கனத்துக்கு ஒவ்வொரு வில்லை அறுத்தேன். எது எதிலிருந்து என்று தெரிய ஒன்றில் ஒரு புள்ளி, ஒன்றில் இரண்டு புள்ளி, உளியால். டிரையர் அடுப்பு வாயில் செம்பருத்திச் சிவப்பு வரும்வரை வைத்து, பழைய எஞ்சின் எண்ணெயில் போட்டேன். புகை. டீ.மே. இருமினார்.

அரத்தை முனியாண்டியிடம் கொடுத்தேன். நான் தேய்த்தால் நானே சொன்ன மாதிரி ஆகும்.

ஒரு புள்ளி: அரம் பிடித்தது. தூள் கொட்டியது.
இரண்டு புள்ளி: அரம் வழுக்கியது. கண்ணாடியில் தேய்க்கிற மாதிரி. கீறல்கூட இல்லை.

முனியாண்டி மறுபடி தேய்த்தான். திருப்பிப் போட்டுத் தேய்த்தான். வேறு அரம் கேட்டுத் தேய்த்தான். எங்கள் இரண்டு பேரையும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளச் சொல்லிவிட்டு, தன் முதுகுக்குப் பின்னால் இரண்டையும் கலைத்து, புள்ளியைப் பாராமல் ஒன்றை எடுத்துத் தேய்த்தான். நேற்று வேல் காட்டியதும் இதே இரண்டு புள்ளிக்காரன்தான்.

அரத்தைக் கீழே வைத்தான். "வெத்தலை இருக்காண்ணே?"

இருந்தது. டீ.மே.யும் ஒன்று வாங்கிக்கொண்டார், இதுவரை எங்களிடம் வாங்கியதில்லை.

அடுத்த பூசைக்கு எந்த மடையன் வந்து தேய்த்தாலும் போகாத மாதிரி, தண்டின் உடம்பிலேயே "மோ" என்று உளியால் வெட்டினேன். சுழி கோணல். மோ என்று படிக்கலாம்.

ஒக்டோபர் 28, செவ்வாய்

நாள் முழுக்க லேத். குளிர் காற்று. முதுகு ஒடிந்தது என்றே எழுதலாம், முதுகில் மோலி இல்லை.

முரட்டு இரும்பு. மெதுவாகத்தான் கடைய வேண்டும், சீவல் நீலமாகச் சுருண்டு விழுகிறது. பழைய உளி முனை இரண்டு தரம் சூட்டில் மழுங்கியது. அப்புறம் பெட்டியில் வைத்திருந்த நல்ல முனையைப் போட்டேன். அந்த முனையிலும் மோலி கலந்திருக்கிறதாம், சிவந்தாலும் கூர் விடாது. மோலியை வெட்ட மோலி. ஒரே குடும்பச் சண்டை.

போன தடவை வெடித்தது, பின்னைச் சுழலாமல் பிடிக்கும் சாவிக் கட்டை உட்காரும் பள்ளத்தின் கூர் மூலையில். இந்தத் தடவை மூலையை உருட்டிவிட்டேன்.

மாலையில் காய்ச்சி எண்ணெயில் இறக்கினேன். பிறகு திரும்ப மெல்லச் சூடு, நீலம் தாண்டிச் சாம்பல் நிறம் வரும்வரை. இதைச் செய்யாவிட்டால் இறுகிய இரும்பு கண்ணாடி மாதிரி சிதறும். முனியாண்டி பக்கத்திலேயே உட்கார்ந்து நிறத்தைப் பார்த்தான். "போதுமாண்ணே?" "இன்னும் கொஞ்சம்." இதுதான் நாங்கள் பேசியது.

செல்லம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காம்பரா போயிருக்கும் என்பதையும். அடுப்பை அணைத்தாள். அப்புறம், அப்ப அந்த மோலி நிசமாவே இரும்புதானா என்றாள்.

ஒக்டோபர் 29, புதன்

வெளிச்சம். ஐந்து நாளில் முதல் தரம் மலை முழுக்கத் தெரிந்தது.

ஏழு மணிக்குப் பின்னை மாட்டினேன். ஏழரைக்குப் பெல்ட். டீ.மே. கதவருகில். முதலில் வெறும் ரோலர், கால் மணி நேரம். தட்டல் இல்லை. பிறகு கொழுந்து.

முனியாண்டி அதுவரை தூணுக்கு அந்தப் பக்கம் நின்றான். நான் கூப்பிடவில்லை. அவனாகத்தான் நொண்டி வந்து, அவனுடைய இடத்தில், சுற்றும் கைக்கு இரண்டடி தள்ளி, அடிபட்ட முழங்கால் ரோலரைப் பார்க்க நின்றான். ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று உதடு எண்ணியது. நூறு வரைக்கும் எண்ணினான் என்று நினைக்கிறேன். பிறகு கொழுந்தைக் கவனிக்கத் தொடங்கினான்.

மேலே ஏறி உள்ளே எட்டிப் பார்த்தேன். தோளில் கிடந்த துண்டு ரோலருக்குள் விழுந்தது. கொழுந்தோடு அரை மணி நேரம் சுற்றியது. சல்லடையில் பெரிய இலைகளோடு வந்தது. டீ.மே. துண்டை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, இன்னும் இருபது நிமிடம் உருட்டலாம் என்றார்.