பஸ்ஸில் ஓடிய சதீஷின் பாட்டு

செவ்வாய், இரவு.

கண்டியில் வேலை முடிந்து வரும்போது ஹேவாஹெட்ட போகும் பஸ்ஸில் என் கூட்டாளி சதீஷின் பாட்டைப் போட்டார்கள். பாட்டின் நடுவில் அவன் பெயர் வேறு வந்தது. வீட்டுக் கம்பியூட்டரில் பாட்டுக் கட்டுவதை அவனுக்குக் காட்டிக்கொடுத்ததே நான்தான். நாலு வருடம் சொல்லித்தர யாருமில்லாமல் நான் தட்டித் தடவிக் கற்றதை அவன் ஆறே மாதத்தில் பிடித்துக்கொண்டான். என் பாட்டு ஒன்றுகூட இன்னும் எந்தப் பஸ்ஸிலும் ஓடவில்லை.

வெளியிடும் முன் என்னிடம்தான் போட்டுக் காட்டினான். பேஸ், அந்த அடித்தள இடி ஓசை, போதுமா என்று கேட்டான். போதும் என்று எனக்குத் தெரியும். இனியும் கூட்டினால் பஸ் ஸ்பீக்கரில் கரகரக்கும் என்பதும் தெரியும். "இன்னும் கூட்டுடா" என்றேன்.

இன்று அந்தக் கரகரப்புக்காகக் காது கொடுத்துக் காத்திருந்தேன். வரவில்லை. பின் சீட்டில் ஸ்கூல் பிள்ளைகள் தாளம் போட்டார்கள். கண்டக்டர் திரும்பவும் போடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் சதீஷ் கோல் எடுத்தான்.

"நீ பேஸ கூட்டச் சொன்ன, நான்தான் கேக்கல. கோவிச்சுக்காத மச்சான். அடுத்த பாட்டுக்கு நீ என்ன சொல்றியோ அப்பிடியே செய்றேன்."

சரி என்றேன். செய்வான். வாக்குக் கொடுத்தால் செய்கிறவன்தான் அவன்.