முன்மொழிபவர் கையெழுத்து

காலையில் கடைக் கதவைத் தூக்கும்போதே ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது. விடிவதற்குள் யாரோ வந்து நம் கடையின் பக்கச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தேர்தல் விளம்பரத்துக்கு இடம் பிடித்திருக்கிறார்களாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ இருந்திருந்தால் கேட்காமல் தூரிகையை எடுத்திருப்பார்களா என்று நினைத்துக்கொண்டே நின்றேன். நீ போன பிறகு நம் ஊராட்சிக்கு வருகிற முதல் தேர்தல் இது.

என் சட்டைப் பையில் இரண்டு நாளாக ஒரு வேட்புமனு கிடக்கிறது. தலைவர் பதவிக்கு. மனுவில் இருப்பது நம் மகளின் பெயர். எல்லாவற்றையும் அவளே அழகாக நிரப்பிவிட்டாள். முன்மொழிபவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலி. நாளை மூன்று மணிக்குள் கொடுத்தாக வேண்டும்.

"வேற யார்கிட்டயாச்சும் வாங்கிக்கயேன் பாப்பா," என்று சொல்லிப் பார்த்தேன்.

"கையெழுத்துப் போட ஊரே இருக்குப்பா. ஆனா நீங்க போட்டாத்தான் நிப்பேன். இல்லேன்னா விட்டுருவேன்."

உன் மகள் வேறு எப்படிப் பேசுவாள்? இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. பயமாக இருக்கிறது. உன்னிடம் சொல்வதற்கு என்ன, ரொம்பப் பயமாக இருக்கிறது.

உன் முதல் மனுவுக்கு இத்தனை யோசனை செய்தேனா? அதுதான் இல்லை. தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஆனதும் ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் கடைக்கு வந்தார்கள். "வீட்டம்மாவ நிறுத்துங்க. பேருக்குத்தான. மத்ததெல்லாம் நீங்க பாத்துக்கிடலாம்," என்றார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உன்னைக் கேட்காமலே மனுவை நிரப்பிக் கொண்டுவந்து, அடுப்படியில் நின்றவளிடம் நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு நீ ஒரு வரி விடாமல் படித்தாய். எதுவும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டாய். நான் அதைச் சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெயித்த பிறகு ஊராட்சி அலுவலகத்தில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. மாலைகள் எனக்குத்தான் விழுந்தன. நானும் கூச்சமில்லாமல் போய்த் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நீ பக்கத்தில் நின்றாய். கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் குனிந்து என் காதுக்குள் சொன்னாய்: "என்னங்க, எந்திரிங்க. கடையில மோட்டாருக்கு ஆளு காத்திருப்பாக." அவ்வளவுதான். ஐந்து வருஷமும் நான் அந்த நாற்காலியின் பக்கம் போகவில்லை.

பம்ப்செட் மோட்டார் பழுதுபார்க்கிறவனின் பெண்டாட்டி தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தாள் என்று ஊர் சிரித்தது. நீ அதைக் காதில் வாங்கவில்லை. கல்லறைக்குப் போகிற பாதையை அகலப்படுத்தினாய். சாணார்பட்டி ஒன்றிய அலுவலகத்துக்கு மொபட்டில் போய்வந்து போய்வந்து அந்த ரோட்டின் பள்ளமெல்லாம் உனக்கு மனப்பாடம். அடுத்த முறை பதவி பொதுவானபோது ஆம்பிளைகள் மூன்று பேர் எதிரே நின்றார்கள். அந்த மனுவை நீயே நிரப்பிக்கொண்டாய். அதிலும் ஜெயித்தாய்.

கிராம சபையில் நீ செய்த மாற்றம்தான் பலருக்குப் பிடிக்கவில்லை. எல்லா ஊரிலும் போல நம் ஊரிலும் முதலில் வெற்று நோட்டில் கையெழுத்து வாங்குவார்கள். ஜனங்கள் மிக்சரைத் தின்றுவிட்டுப் போய்விடுவார்கள். தீர்மானத்தை அப்புறம் யாராவது எழுதிக்கொள்வார்கள். நீ அதை நிறுத்தினாய். எழுதிய தீர்மானத்தை மைக்கில் படித்த பிறகுதான் நோட்டு சுற்றுக்குப் போகும் என்றாய். "படிக்காம ஒருத்தரும் போடாதீக. எம் புருசன் அப்பிடித்தான் என்னைய ஏமாத்தப் பாத்தாரு," என்று நீ சொன்னதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

அந்த மைக்கில்தான் ஒருநாள் கிழக்குக் கரட்டில் இருக்கிற கல்குவாரியைப் பற்றிப் படித்தாய். வெடி போட்டுச் சுவரெல்லாம் கீறல் விட்டிருக்கிறது, கிணறுகளில் தண்ணீர் இறங்கிவிட்டது, குவாரியை விரிவாக்கக் கூடாது என்று தீர்மானம். நோட்டில் கையெழுத்து நிறைந்தது. எனக்குப் பயம் பிடித்தது அன்றிலிருந்துதான்.

நான்காம் நாள் மத்தியானம் ஓர் ஆள் லோடு ஆட்டோவில் மோட்டாரோடு கடைக்கு வந்தான். வெளுத்த சட்டை, மரியாதையான பேச்சு. இதை உனக்கு நான் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

"அண்ணே, சுத்த மாட்டேங்குது. செத்த பாருங்க."

கரண்டு கொடுத்தேன். மோட்டார் ஜோராகச் சுற்றியது. "நல்லாத்தான ஓடுது?" என்றேன்.

"அப்பிடியா? சரி, இங்கனயே கெடக்கட்டும்." ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "அக்கா சாயந்தரம் சாணார்பட்டியில இருந்து ஒத்தையிலதான வாராக? அந்தப் புளியமரத்து வளைவு மோசம்ணே. லாரியெல்லாம் கண்ணு மண்ணு தெரியாம வருது. பாத்து வரச் சொல்லுங்க."

வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். கரண்டில் கை வைத்துப் பிழைக்கிறவன், இரண்டு கையாலும் டீ கிளாசை நீட்டினேன். அவன் குடித்துவிட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு சாயந்தரம் ஐந்து மணி ஆனால் எனக்கு வேலை ஓடாது. ரோட்டில் வருகிற ஒவ்வொரு மொபட் சத்தத்துக்கும் தலை திரும்பும். லாரி போனால் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவேன். நீ வந்து இறங்கி, "என்ன, பேயடிச்ச மாதிரி நிக்கிறீக?" என்பாய். ஒன்றுமில்லை என்பேன்.

குவாரிக்காகத் திண்டுக்கல்லில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். தீர்மான நோட்டோடு நீ போய்ப் பேச வேண்டும். அன்று காலை நீ குளிக்கப் போன நேரத்தில் உன் மொபட்டின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். கடையில் கிடந்த செத்த பிளக் ஒன்றை அந்த இடத்தில் மாட்டினேன். பிறகு அவசரமாக ஒரு வேலை இருப்பதுபோலத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன். நீ மிதித்து மிதித்துப் பார்த்திருப்பாய். பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. நம் ஊர் சார்பில் பேச ஆளில்லை. திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டே, "முடிஞ்சிருச்சு," என்றாய். அதற்கு மேல் அதைப் பற்றி நீ பேசவே இல்லை.

குவாரிக்கு அனுமதி கிடைத்தது. இப்போதும் மத்தியானம் வெடிச் சத்தம் கேட்கிறது. அலமாரியில் தட்டுகள் அதிரும்போதெல்லாம் என் உடம்பும் அதிர்கிறது. வறண்ட கிணற்றில் ஓடி எரிந்துபோன மோட்டார்கள் கடையில் குவிகின்றன. எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. என்ன பிழைப்பு இது?

அந்த வளைவில் உனக்கு எதுவும் நடக்கவில்லை. பதவி முடிந்து வீட்டில் இருந்தபோது, சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தாய். நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றது. ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்த எனக்கு உன் இருமல் காதில் விழவில்லை.

போன வாரம் அந்த ஆள் மறுபடி வந்தான். தலை நரைத்திருக்கிறது, மரியாதை குறையவில்லை. "பாப்பா நிக்குதாமே? படிச்ச பிள்ளை. நல்லா இருக்கட்டும்," என்றான். சொல்லும்போது வாசலில் நின்ற அவள் ஸ்கூட்டரைத்தான் பார்த்தான்.

இன்று மத்தியானம் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டேன். வந்த ஆள், வாங்கிக் கொடுத்த டீ, செத்த பிளக். "உங்கம்மா காரியத்த நான்தான் கெடுத்தேன். எங்கிட்டப் போயி கையெழுத்துக் கேக்குறியே," என்றேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டுப் போய்விட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அம்மாவுக்குத் தெரியும்ப்பா," என்றாள்.

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

"அன்னைக்கு நான் வாசல்லதான் நின்னேன். அம்மா ஸ்பானர எடுத்து பிளக்கக் கழட்டுச்சு. அதையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. கடையில நல்ல பிளக் எங்க இருக்கும்னு அதுக்குத் தெரியாதா? எடுக்கல. அந்தப் பழசையே திருப்பி மாட்டிட்டு, பஸ்சுக்குப் போறேன்னுச்சு. ஏம்மான்னு கேட்டேன். 'எனக்கும் பயந்தான் பாப்பா. உங்கப்பாகிட்டச் சொல்லிராத, அந்த மனுசன் எனக்காவது பயமில்லைன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு'ன்னுச்சு."

மனுவை எடுத்தேன். மடிப்பெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. முன்மொழிபவர் இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கை ஆடியதில் அது என் கையெழுத்து மாதிரியே இல்லை. "இது போதுமா பாப்பா?" என்று கேட்டேன். போதும் என்றாள்.

ஒரே வீட்டில், ஒரே பயத்தை, ஒருவருக்கொருவர் தெரியாமல் வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறோம். ஒருநாள் சேர்ந்து உட்கார்ந்து பயந்திருந்தால், உன்னை நானே பின்னால் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் போயிருப்பேனோ என்னவோ. இனி நான் பயப்பட மாட்டேன் என்று எழுத மாட்டேன். எழுதினாலும் நீ நம்ப மாட்டாய். நாளை காலை அவள் மனுக் கொடுக்கப் போகும்போது, எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவளிடமே சொல்லிவிட்டு, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வேன்.