ஜெபம் முடிவதற்குள் பறந்த விமானம்

சித்தூர்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கேசியாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் உன் அம்மாவும் சௌக்கியம். கட்டிய பெட்டிகள் இரண்டும் கட்டியபடியே கூடத்தில் சௌக்கியம். ராஜமுந்திரியில் நீயும், வயிற்றில் இருக்கும் குட்டியும், மாப்பிள்ளை ஜோனத்தானும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறோம். வெள்ளிக்கிழமையிலிருந்து நீ எங்கள் போனை எடுக்காததால் கூரியரில் வருகிறேன்.

அன்றைக்கு நடந்தது இதுதான். ரேணிகுண்டா ஏர்போர்ட்டிலிருந்து உன் ஊருக்கு வான்வழி நானூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம், ஏறி உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம்கூட ஆகாது, நம் வீட்டிலிருந்து ரேணிகுண்டா போகவே ஏறக்குறைய அவ்வளவு ஆகும் என்று ஒரு மாதமாகத் தெருவில் ஒருவர் விடாமல் பிடித்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் பயம் குறையும் என்று நினைத்தேன், ஊர்தான் உஷாரானது. நம் சபையைத்தான் உனக்குத் தெரியுமே, பலமனேருக்குத் தக்காளி வாங்கப் போகிறவனுக்கே வழியனுப்பு ஜெபம் வைப்பவர்கள், ஆகாயத்தில் போகிறவனைச் சும்மா விடுவார்களா. மூப்பர் பாலசுந்தரம் பைலட்டுக்கு ஜெபித்தார், இரண்டு இறக்கைக்கும் தனித்தனியாக ஜெபித்தார், கிருஷ்ணா நதியைத் தாண்ட வேண்டுமே என்று செங்கடலுக்குள் இறங்கியவர் கரையேறவே இல்லை. வெளியே கார் டிரைவர் தீனா ஹாரன் அடிக்கும்போதெல்லாம் உள்ளே அல்லேலூயா என்றார்கள். ஒருவழியாக அவர் ஆமென் சொல்ல வந்தபோது, இறங்கும்போதுதான் ஆபத்து ஜாஸ்தியாம் அண்ணா, அதுக்கும் ஒரு வார்த்தை என்று எடுத்துக்கொடுத்த புண்ணியவான் உன் அப்பன்தான். அப்புறம் எதிர்வீட்டுக் கன்னிகா, ரெண்டு இட்லியாவது துன்னுட்டுப் போ மாமா என்று தட்டோடு வழிமறித்தாள். தீனா தலையில் அடித்துக்கொண்டு, இன்னா மாமா, ஏரோப்ளேன் இன்னா நம்மூரு பஸ்ஸா, கை காட்னா நிக்கறதுக்கு என்றான்.

நிற்கவில்லை. கவுண்டரில் இருந்த பெண், க்ளோஸ் அயிப்போயிந்தி அங்கிள், மூடியாயிற்று என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தது. வெளியே வந்தால் எங்கள் இரண்டு சீட்டும் தலைக்குமேல் போய்க்கொண்டிருக்கின்றன. உன் அம்மா ஞானசௌந்தரி அதைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நாமதான் கீழ நிக்கறோமே, யாருக்கு ஆட்டற என்றேன். கொழந்தகிட்டதானே போவுது என்றாள்.

கடைசிப் பயணி போன பிறகும் நீ அங்கே ஏர்போர்ட் வாசலிலேயே நின்றாய் என்று மாப்பிள்ளை சொன்னார். கோபம் என்றால் எனக்குப் பழக்கம், உன் அம்மாவிடம் தினம் வாங்குகிறேன். நீ அழுதாய் என்றாரே, அதுதான் இட்லியைவிடக் கனமாக நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. டாக்டர் உனக்குப் பயணம் கூடாது என்றுவிட்டார், நாங்கள்தான் வர வேண்டும், நாங்களும் வராவிட்டால் பிள்ளை யார் முகத்தைப் பார்க்கும்.

இந்தச் சனிக்கிழமை அதே விமானத்தில் வருகிறோம். யாரிடமும் சொல்லவில்லை. பாலசுந்தரம் கேட்டதற்கு ரேணிகுண்டா வரைக்கும் என்றேன், அதில் பொய் இல்லை. ஜெபம் ஓடுகிற காரிலேயே, அம்மா செய்வாள். நீ எங்களுக்காக ஒன்றும் சமைக்காதே, நிறையத் தண்ணீர் குடி, ஏர்போர்ட்டுக்கு வந்து கால் வீங்க நிற்காமல் நாற்காலியில் உட்கார். ஆனால் வா. அம்மா ஜன்னலோர சீட்டாகக் கேட்டு வாங்கியிருக்கிறாள், இறங்கும்போது மேலிருந்து கேசியா தெரிவாளா என்கிறாள். தெரிவாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

கர்த்தர் உன்னையும் குட்டியையும் தம் சிறகின் நிழலில் காப்பாராக. போனை மட்டும் ஆன் செய்துவை.

இறக்கையை நம்பி வரும்
உன் அப்பா
ஞானசிங்