குரலை உயர்த்தினால் எழுந்துவிடுவேன்

மார்ச் 18, புதன்

காலையிலிருந்து மழை. தேக்காவில் என் தையல் கடையைத் திறந்தும் ஆளில்லை. இரண்டு ரவிக்கைகளுக்குக் கொக்கி, ஒன்றுக்குக் கை பிரித்தல். வெள்ளை நூல் தீர்ந்தது, வாங்க வேண்டும்.

மதியம் மகள் ஜெனி அழைத்தாள். மே மாதம் அவள் திருமணம். திருப்பலிப் பாடல்களைத் தேர்ந்தெடுத்தாயிற்றாம். பிறகு, மூச்சு விடாமல்:

“மா, அன்னிக்கும் நீங்க கைய மார்ல வெச்சுக்கிட்டுத்தான் வருவீங்களா? மாப்பிள்ள வீட்ல எல்லாரும் பாப்பாங்க லா.”

நற்கருணை அப்பம் வாங்காதோர் குருவின் முன் மார்பில் கைகளைக் குறுக்கே வைத்துச் சென்று ஆசீர் மட்டும் பெறுவது இங்குள்ள வழக்கம். பதினோரு ஆண்டுகளாக என் நிலை அது. அதே திருப்பலியில் முதல் வாசகம் வாசிப்பவளும் நானே. உச்சரிப்புக்குப் பாராட்டு, அரை மணி கழித்து இந்தக் காட்சி. ஜெனி இதைப் பார்த்தே வளர்ந்தவள், இதுவரை கேட்டதில்லை. இன்று கேட்டுவிட்டாள். கோபம் வந்தது. யார் மீதென்று விளங்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

புழுக்கம். திருப்பலி முடிவில் அறிவிப்பு: வியாழன் மாலை, பல குருக்கள், பா.ச. (பாவசங்கீர்த்தனம் என முழுதாய் எழுதவும் கை ஒப்புவதில்லை. குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறாமல் நற்கருணை இல்லை.)

பாடகர் குழுத் தலைவி மரியபுஷ்பம் அக்கா வாசற்படியிலேயே பிடித்துக்கொண்டார். செம்பவாங்கிலிருந்து வருபவர், எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாதவர்.

“இந்தத் தடவையாச்சும் போயிடு விக்டோரியா. சாமி ஒண்ணும் கடிச்சு வெக்க மாட்டாரு.”

“ஒருத்தர் கடிச்சிருக்காரே அக்கா.”

“அவரு எப்பவோ ஊருக்குப் போயிட்டாரு. நீதான் இன்னும் தூக்கிக்கிட்டுத் திரியுற.”

சுமப்பதும் என் குற்றமோ! பதினோரு ஆண்டுக்கு முன், கணவர் மறைந்த வருடம். உணவங்காடியில் பாத்திரம் கழுவும் வேலை. ஞாயிறு விடுப்புக் கேட்டால் வேலை போகும். பூசைக்கு வர இயலாததைப் பா.ச. பெட்டிக்குள் மண்டியிட்டுச் சாமியிடம் சொன்னேன். அவர் கத்தினார்: “கடவுள விட வேல பெருசாப் போச்சா?” வெளியே வரிசை முழுவதும் கேட்டது. பாவமன்னிப்புப் பெறாமலே எழுந்து வந்தேன். பேருந்து நிறுத்தத்தில் ஒரு மாது, சிரித்தபடி: “என்னம்மா, வேல பெருசாமே?”

இரகசியம் காப்பது குருவின் கடமை. குரலைத் தாழ்த்துவது அக்கடமையில் சேராதா? ஒலிபெருக்கும் உரிமையை அவருக்கு எந்தச் சட்டம் வழங்கியது?

மார்ச் 24, செவ்வாய்

கடும் வெயில். பட்டு ரவிக்கை அளவு தவறிப் பிரித்துத் தைத்தேன். கவனம் இல்லை.

இரவு உணவின்போது ஜெனியின் யோசனை:

“தமிழ் வரிசையில நிக்காதீங்க மா. இங்கிலீஷ் ஃபாதர்கிட்ட போங்க. உங்கள யாருன்னே தெரியாது. சட்டுனு முடிஞ்சிரும்.”

“என் பாவமெல்லாம் தமிழ்ல செஞ்சது.”

“ஐயோ, மா!”

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவள். நூலக மேசையில் தமிழை நானே கற்றேன். அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே திக்கித் திணறவா?

அச்சம் வேறிடத்தில். ‘கடைசியாகப் பா.ச. செய்து இத்தனை காலம் ஆயிற்று’ என்றே தொடங்க வேண்டும். காலத்தைச் சொன்ன மறுகணம் அந்தக் குரல் எழும்பும். தையல் இயந்திரத்தின் முன் சொல்லிப் பார்த்தேன். ஆண்டுக் கணக்கு வந்ததும் இயந்திரத்தை ஓட்டத் தொடங்கினேன். பேரப்பிள்ளை காணும் வயதில் இதென்ன அவமானம்!

மார்ச் 26, வியாழன்

வீடு இருக்கும் ஈசூனிலிருந்து ரயில், நெரிசல். கோவிலில் பெட்டிகள் போதாமல் மூலைக்கு மூலை நாற்காலி போட்டுக் குருக்கள். திறந்த வெளி! தமிழ்க் குரு தூணருகே, புதியவர், இளைஞர். அடுத்த ஆள் முதுகில் மூச்சு விடும் தூரத்தில் வரிசை. திரும்பிவிடலாம் என்று கால் எழும்பியது. அதற்குள் என் முறை.

மண்டியிடவில்லை, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். தயாரித்துச் சென்ற செந்தமிழ் எதுவும் துணைக்கு வரவில்லை.

“சாமி, முதல்ல ஒரு நிபந்தனை. நீங்க குரல உயர்த்தினா நான் எழுந்து போயிடுவேன்.”

என்னைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். எழுந்தார்.

“எல்லாரும் அந்தப் பெஞ்சு வரைக்கும் பின்னால போங்க. இங்க நிக்கக் கூடாது.”

முணுமுணுப்போடு நகர்ந்தார்கள். தம் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

“இப்ப சொல்லுங்கம்மா. எவ்ளோ மெதுவா வேணும்னாலும்.”

பதினோரு ஆண்டு என்றேன். குரல் உயரவில்லை. ஏன் என்றார். சொன்னேன்.

“அவரு செஞ்சது தப்பும்மா.”

இவ்வளவு சிறிய வாக்கியமா அது? இத்தனை ஆண்டுகளில் ஒருவராவது சொல்லியிருக்கக் கூடாதா? கண்ணீர் வந்தது, அதுவும் கோபத்தால்தான். மற்றவை இங்கு எழுதுவதற்கல்ல.

பரிகாரம்: மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ செபம்.

“அவ்வளவுதானா சாமி?”

“அவ்ளோதாம்மா.”

“போதாது.”

“கணக்க நீங்க போட வேணாம்மா. அடுத்தவங்க நிக்கிறாங்க.”

ஏமாற்றமே. இத்தனை காலப் பட்டினிக்கு இதுவா? பெஞ்சில் மண்டியிட்டு மூன்றையும் முடித்தேன். நான்காவதாக ஒன்று, அந்தப் பழைய சாமிக்காக. பாதியில் ஆத்திரம் வந்தது. நிறுத்தினேன். மறுபடி முதலிலிருந்து.