காவலூரில் இறங்கவில்லை, மச்சான்

பிரியமுள்ள மச்சானுக்கு,

நான் காவலூரில் இறங்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் கன்னத்துப் புண்ணில் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், காவலூரில் பஸ் நின்றதும் நீ எழுந்துவிட்டாய். “கத்தி பட்டா பரவிடும்டா மாப்ளே, வா போலாம்” என்றாய். நானும் தலையாட்டிக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன். டீ குடித்தோம், புகையிலை போட்டோம், ஊர் திரும்பினோம். அடுத்த பருவத்தில் புளியமரம் உலுக்கும்போது நீ உயிரோடு இல்லை. உன்னைப் பிடித்து உட்கார வைக்காத என்னை மன்னித்தாயா?

போன மாசம் என் நாக்கோரத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. குழம்பு பட்டாலே எரிச்சல். களியை வெறும் மோரில் கரைத்துக் குடித்தால் உன் தங்கச்சி ராஜாமணிக்குத் தெரியாதா? என்னை ஆஸ்பத்திரிக்குக் கிளப்பிவிட்டாள். பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் தள்ளிவிட்டு அவள் வெளிப்பக்கம் உட்கார்ந்துகொண்டாள். காவலூர் வந்ததும் என் கால் சும்மா இருக்கவில்லை.

“எங்க எழுந்துக்கினீங்க? எங்கண்ணன் எறங்குனது போதும். குந்துங்க!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“கத்தி பட்டுப் பரவாதுங்க ஐயா. இன்னதுன்னு தெரிஞ்சிக்கத்தான் எடுக்கறோம். எடுக்கச் சொன்னாலே புத்துநோய்னு அர்த்தமில்ல” என்றார் டாக்டரம்மா. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டுக்கொண்டார். ஊசி சுருக்கென்றது. அப்புறம் நாக்கு மரத்துப்போனது. அரிசி அளவு சதை, இரண்டு தையல், அவ்வளவுதான். இதற்கா பயந்தோம் மச்சான்?

மரப்பு போகும்வரை எதுவும் சாப்பிடக் கூடாதாம், நாக்கைக் கடித்துக்கொள்வோமாம். நாலு நாள் ஆறின சாமைக் கஞ்சிதான், காரம் கிடையாது. ரிசல்ட்டுக்குக் காத்திருந்த பத்து நாள்தான் உயிரை வாங்கியது.

புற்றுநோய் இல்லை. ஆனால் புகையிலையை விட வேண்டும், சில மாசத்துக்கு ஒரு தரம் வாயைக் காட்ட வேண்டும். நாம் பங்கு போட்ட புகையிலைப் பையை ராஜாமணி அடுப்பில் போட்டாள். அழுகை வந்தது. பை போனதற்காக என்று சொல்லி வைத்தேன். நேற்று குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன், சந்தோஷமாக இருந்தது.

இன்னொரு சேதி. உன் மகன் கோவிந்தனுக்கு உதட்டுக்குள் ஒரு புண், மூன்று வாரமாக ஆறவில்லை. “ஒண்ணுமில்ல மாமா, சூடு” என்கிறான், அப்படியே உன் குரலில். திங்கட்கிழமை கூட்டிப் போகிறேன். அவன் ஜன்னலோரம். வெளிப்பக்கம் நான். சத்தியமாக எழுந்திருக்க மாட்டேன்.

உன் தங்கச்சி வீட்டுக்காரன்,
அண்ணாமலை