ஒன்பது தலைமுறையும் ஒரு முதுகும்

எருது வருடம், கோடை முதல் மாதம், 16

இன்று கொடிக்குக் குதிரைப்பால் தெளித்து, ஆட்களைப் பத்துப் பத்தாகப் பிரித்துவிட்டார்கள். என் பத்துக்குத் தலைவன் யார் தெரியுமா? போரொல்தாய். எங்கள் அப்பாவிடம் கூலிக்குத் துருத்தி ஊதிய கொல்லனின் மகன்! அவனுக்குத் தாத்தா பெயரே தெரியாது. எசுகின் என்கிற நான் ஒன்பது தலைமுறையின் பெயரையும் மூச்சு விடாமல் சொல்வேன். அந்த ஒன்பதில் ஒருவர் முதுகிலும் காயம் கிடையாது.

பத்தில் இரண்டு பேர் போன வருடம் எங்கள் மேலேயே அம்பு விட்டவர்கள். இனி எல்லோருக்கும் ஒரே கொப்பரையில் கறி— சாப்பிடவில்லை என்று வந்துவிட்டேன்.

என் மனைவி சோயிகல் சிரித்தாள். "கொப்பரை உன் வம்சத்தைக் கேட்டுச்சா? பசிச்சா போய்த் தின்னுய்யா."

உய்குர் இனத்து எழுத்துக்காரன் ஒருவனிடம் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதக் கற்றது நல்லதாகப் போயிற்று. கோபத்தை வைக்க ஓர் இடம் இருக்கிறது.

கோடை முதல் மாதம், 24

ஓடப் பழகினோம். ஆமாம், ஓட! கறுப்புக் கொடி அசைந்தால் தோற்றவர்களைப் போல் ஓட வேண்டும். துரத்துகிறவன் வரிசை கலைந்து கணவாய்க்குள் வந்ததும் வெள்ளைக் கொடி அசையும். அப்போது எல்லோரும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். அதுவரை சேணத்தில் உடலைத் திருப்பிப் பின்னால் எய்யலாம். குதிரையைத் திருப்பக் கூடாது.

"புறமுதுகு காட்டுவதற்கு ஒரு பயிற்சியா?" என்று கேட்டேன்.

"முதுகு காட்டுறது சுலபம்," என்றான் போரொல்தாய். "காட்டிக்கிட்டே இருக்கறதுதான் கஷ்டம்."

பேச்சைப் பார்.

கோடை நடு மாதம், 3

பின்னால் எய்ததில் எனக்குப் பத்துக்கு எட்டு. கொல்லன் மகனுக்கு ஒன்பது. சகிக்கவில்லை.

இலையுதிர் நடு மாதம், 19

என்ன செய்துவிட்டேன்.

எதிரிக் குலத்தாரான மெர்கித்துகள் துரத்தினார்கள். திட்டப்படி ஓடினோம். அவர்களுக்கு முன்னால் வந்தவன் சாச்சுர்— என் சித்தப்பா மகன், இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பக்கம் போனவன். "பாருங்கடா, ஒன்பது தலைமுறை ஓடுது!" என்று கத்தினான். எனக்குக் கண் இருண்டுவிட்டது. கணவாய்க்கு ஒரு கூப்பிடு தூரம் இருக்கும்போதே குதிரையைத் திருப்பிவிட்டேன். என்னை மீட்கக் கெதெ திரும்பினான். கெதெ, போன வருடம் எங்கள் மேல் எய்த இருவரில் ஒருவன்! அவனைச் சுருக்குக் கயிற்றில் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் தந்திரமும் வெளிப்பட்டுப்போயிற்று.

பத்தில் ஒருவன் சிறைப்பட்டால் மற்றவர்கள் அவனோடுதான் திரும்ப வேண்டும். இல்லையென்றால் ஒன்பது தலையும் போகும். மூன்று நாள் தவணை கொடுத்திருக்கிறார் நூற்றுவர் தலைவர்.

இலையுதிர் நடு மாதம், 20

போரொல்தாய் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். காய்ந்த தயிர்க்கட்டி ஒன்றை நீட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என் ஒருத்தன் தலையைக் குடுத்துடு. மத்தவங்களாவது பிழைக்கட்டும்," என்றேன்.

"உன் தலை வேண்டாம். முதுகு வேணும்." சிரிக்காமல் சொன்னான். "உன் தம்பிக்கு நம்ம வித்தை தெரிஞ்சுபோச்சு. இனி யார் ஓடினாலும் நின்னு யோசிப்பான். தனியா நீ ஓடினா? யோசிக்கவே மாட்டான். உங்க ரத்தம் அப்படி."

எங்கள் ரத்தத்தை எங்களைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறான்.

இலையுதிர் நடு மாதம், 22

நேற்று எழுதக் கை வரவில்லை. இப்போது குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நேற்றுக் காலையில் அவர்கள் பாளையத்துக்கு எதிரே தனியாகப் போய், வில்லைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். சாச்சுர் முப்பது பேரோடு கிளம்பினான். அரை நாள் துரத்தினான். என் அப்பாவைச் சொன்னான், தாத்தாவைச் சொன்னான், ஒன்பது பேரையும் ஒவ்வொருவராக இழுத்தான். குதிரையின் காதுகளையே பார்த்துக்கொண்டு ஓடினேன். அழுதேன், எழுதினால் என்ன? அழுதுகொண்டே ஓடினேன்.

ஓடை திருப்பத்தில் அம்பு தோளுக்குக் கீழே முதுகில் இறங்கியது. அங்கே சோயிகல் மாற்றுக் குதிரையோடு நின்றிருந்தாள். காம்பை உடைத்துப் போட்டு, "ஏறுய்யா, மிச்சத்தை அப்புறம் பிடுங்கிக்கலாம்," என்று தூக்கிவிட்டாள். என் குதிரை புதிது. அவர்களுடையவை நுரை தள்ளிக்கொண்டிருந்தன. ஆளுக்கு நாலு குதிரை வைத்திருப்பது எதற்கு என்று அவர்களுக்கு அப்போது புரிந்திருக்கும்.

கணவாய்க்குள் வந்தேன். வெள்ளைக் கொடி அசைந்தது. அசைந்த பிறகுதான் திரும்பினேன்! இரண்டு சரிவிலும் எங்கள் ஆட்கள் அம்பு மாரி பொழிந்தார்கள். பொன் பதித்த சேணங்கள் கீழே கிடந்தும், எல்லாம் முடியும்வரை ஒருவனும் குதிரையை விட்டு இறங்கவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எங்களை வெல்ல எவனாலும் ஆகாது.

சாச்சுரை உயிரோடு பிடித்தோம். இன்று மதியம் அவனுக்கு ஈடாகக் கெதெயை விட்டார்கள். போகும்போது சாச்சுர் காறித் துப்பினான். "ஒரு கொல்லன் பையன் சொன்னான்னு முதுகு காட்டுனியா?"

"எங்க அண்ணன் சொன்னாரு. ஓடினேன்."

போரொல்தாய் சேணத்தின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். கேட்டிருப்பாரா? திரும்பிப் பார்க்கவில்லை. கெதெதான் கொப்பரையிலிருந்து கொழுத்த துண்டாகப் பார்த்து எடுத்து எனக்குக் கொடுத்தான்.

இலையுதிர் கடைசி மாதம், 25

காயம் ஆறிவிட்டது. உள்ளங்கை அகலத்துக்கு வடு.

வழியில் பனி தட்டுகிறது. எங்கள் சனம் குளிர்கால இடத்துக்கு வண்டி கட்டிப் போய்க்கொண்டிருக்கிறது. எல்லோரும் இந்த வழியாகத்தான் போகிறார்கள். கூடார வாசலில் வெற்று உடம்போடு அம்பு சீவிக்கொண்டிருந்தேன்.

சோயிகல் எட்டிப் பார்த்தாள். "பல்லு கிடுகிடுக்குது, மேலங்கியைப் போடேன்யா."

"அப்புறம் போடறேன்," என்று சொல்லிவிட்டு, வழிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தேன்.