கண்ணாடியில் மேடு இல்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பாதி நலம் என்று வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் முழு நலமாக இருக்க வேண்டும்.

ஃபோனில் சொன்னால் அம்மாவுக்குக் கேட்டுவிடும், அவளுக்குக் காது பாம்புச்செவி, அதனால்தான் கடிதம். நீ எங்களுக்கு ஆளுக்கொன்றாக அனுப்பிய ஸ்மார்ட்ஃபோனைக் குறை சொல்லவில்லை. பழையதில் பேசலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம், அவ்வளவுதான். இது நான் புரிந்துகொண்ட வரையில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர், இன்டர்நெட், கேமரா, வரைபடம் எல்லாம் அதற்குள், தினமும் சார்ஜ் போட வேண்டும் என்பதைத் தவிர எனக்குச் சிரமமில்லை. சிரமம் அம்மாவுக்கு. பழைய ஃபோனில் ஐந்தாம் பொத்தான்மேல் ஒரு சின்ன மேடு இருந்தது, தடவிப் பார்த்து அழுத்திப் பிடித்தால் எனக்கு மணி அடிக்கும். கண்ணாடியில் எதைத் தடவுவாள். போன வாரம் நான் மருந்துக் கடைக்குப் போயிருந்தபோது குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். ஃபோன் கையில்தான் இருந்தது, ஈர விரலுக்குத் திரை மசியவில்லை. கீழ் வீட்டுத் தையல்காரர் சத்தம் கேட்டு வந்து தூக்கினார். எலும்புக்கு ஒன்றுமில்லை, இடுப்பில் ரத்தக்கட்டு. பயப்படாதே, உனக்கும் சேர்த்து நானே பயந்துவிட்டேன்.

அம்மாவுக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம், திரும்பாது என்கிறார் டாக்டர். அவ வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவா, வாயைத் திறக்காதீங்க என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். திரையில் இருப்பதை ஃபோனே வாசித்துச் சொல்லும் வசதியைக் கடைக்காரர் போட்டுக் கொடுத்தார். நல்ல வசதிதான், எனக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை. அது ஓயாமல் பேச, இந்த வீட்டுக்கு நான் ஒருத்தி போதாதா என்று அணைக்கச் சொல்லிவிட்டாள். பொத்தான் ஃபோனே வாங்கட்டுமா என்றேன். வீடியோ கால் நின்றால் உனக்குச் சந்தேகம் வருமாம். அதனால் நீயே, அங்கே நெட் சரியில்லை, கொஞ்ச நாள் வெறும் குரலில் பேசலாம் என்று அவளிடம் சொல்வாயா. நான் யோசித்தது சரியா என்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நீ முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்து நின்றாய். பின்னல் தளர்ந்து கிடக்கே, எண்ணெய் வெச்சு இறுக்கிப் பின்னக் கூடாதாடி என்றாள். கிண்டல் என்று நினைத்து நீயும் மாப்பிள்ளையும் சிரித்தீர்கள். அவள் கிண்டல் செய்யவில்லை மகளே.

நேரத்துக்குச் சாப்பிடு. இருவரும் நீடூழி வாழ்க. பதில் கடிதம் போடாதே, யார் எழுதியது என்று கேட்பாள், எனக்குப் பொய் வராது. லீவு கிடைத்தால் வா, முடி வளரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா